கொம்பையா கடை ஐஸ்

எங்கள் ஊர் ஹாக்கி மைதானத்தில் இப்போது நீல நிறத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நல்லதுதான். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய மண் மைதானம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போகும். மண் வாசனை டீக்கடை வரைக்கும் வரும். மேற்கு ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மர ஸ்டூல். அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. பக்கத்தில் தங்கப்பழம் சார்.

அவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

தங்கப்பழம் சார் ஒரு காலத்தில் அம்பயர். மாவட்டத்திலேயே அவர் விசிலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. திடீரென்று ஒரு வருஷம் விசிலை விட்டுவிட்டு, மதுரைக்குப் போய் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி, ஓட முடியவில்லை என்றார். நாங்களும் நம்பினோம். அடிபட்டவனை நோக்கி ஓடும்போது மட்டும் அந்த முழங்கால் எப்படி வலிக்காமல் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மைதானத்துக்கு அவர் பின்வாசல் வழியாகத்தான் வருவார், போவார். சைக்கிள் நிறுத்த அங்கேதான் நிழல் என்று பேசிக்கொள்வோம்.

அவரிடம் வந்து சேர்ந்த சிஷ்யன் பரமகுரு. பெயரில் மட்டும்தான் குரு. வரும்போதே வயது முப்பத்திரண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை; தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதற்கு முன்னால் எங்கள் அணியில் தடுப்பாட்டக்காரன்.

"சார், எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுங்க," என்றான்.

"எதுக்கு?"

பரமகுரு தரையைப் பார்த்தான்.

"மனசுல ஒண்ணு கெடந்து அறுக்குது சார். அன்னிக்கு நாங்க தூக்காம இருந்திருந்தா கொம்பையா நடந்திருப்பானா?"

சார் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார்.

"ஐஸ் இல்ல. கொம்பையா கடையில போய் வாங்கிட்டு வா."

கொம்பையா யாரென்று சொல்லிவிடுகிறேன். பரமகுருவின் கூட்டாளி. அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். பரமகுரு சாரிடம் வருவதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் கோடை டோர்னமென்டின் இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. நாலு நிமிஷம் பாக்கி. தெற்கே மழை இறங்கிக்கொண்டிருந்தது. கொம்பையா பந்தோடு பாய்ந்தவன், கோல்கீப்பர் மேல் இடறி, கோலின் அடிப்பலகையில் முதுகு மோத விழுந்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம். விழுந்தவன் எழுந்திருக்கவில்லையென்றால் நீளமாக ஒரு விசில் கேட்கும். நாலு பேர் ஓடுவார்கள். இரண்டு பேர் கை, இரண்டு பேர் கால். மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக் கோட்டுக்கு வெளியே போடுவார்கள். முகத்தில் சோடா அடிப்பார்கள். ஆட்டம் தொடரும். அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை. சீக்கிரம் தூக்குகிறவர்களுக்குக் கைதட்டக்கூடச் செய்வோம்.

"தூக்குங்கடா! தூக்குங்கடா!" என்று மைதானமே கத்தியது. கத்தியவர்களில் நானும் ஒருவன். மழைக்கு முன்னால் ஆட்டம் முடியவேண்டும் என்பதுதான் என் கவலை.

தூக்கினார்கள். பரமகுரு அக்குளில் கை கொடுத்துத் தோளைத் தூக்கினான். நடுவில் முதுகு தொட்டில் துணி மாதிரி வளைந்து தொங்கியது. கோட்டுக்கு வெளியே இறக்கியதும் கொம்பையா கண்ணைத் திறந்து பரமகுருவைப் பார்த்தான்.

"ஏலே, என் காலு எங்கல?" என்று கேட்டான்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். இப்போது அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருஷம் ஆஸ்பத்திரி, வீடு என்று கிடந்துவிட்டு, கொம்பையா மைதானத்தின் முன்வாசலில் ஒரு சோடாக் கடை போட்டான். சக்கர நாற்காலியில் இருந்தபடி எட்டுகிற மாதிரித் தாழ்வான மேஜை. பன்னீர் சோடா, கலர், ஐஸ். பரமகுரு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டான். தீப்பெட்டி ஆபீஸுக்கு ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனான்.

வேப்பமரத்திலிருந்து கடை நாற்பது தப்படிதான். அன்றைக்கு அந்த நாற்பது தப்படி நடக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆனது.

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"என்ன வேணும்?"

"ஐஸ்."

"யாருக்கு?"

"சாருக்கு."

கொம்பையா ஐஸ் பாளத்தைக் கம்பியால் குத்தி உடைத்தான். பரமகுரு கொண்டுபோன தெர்மோகோல் பெட்டியில் அள்ளிப் போட்டான். மேலே ஒரு பன்னீர் சோடாவைச் செருகினான்.

"இது சாருக்கு. கோலி சோடாவ கடையில வந்து நின்னு குடிச்சாத்தான் ருசின்னு சொல்லு. அவருக்கு வேலை ஒழியாது. இருந்தாலும் சொல்லு."

"சரி."

"உனக்கு?"

கொம்பையா இன்னொரு சோடாவை எடுத்துக் கோலியை அழுத்தி நீட்டினான். பரமகுரு நின்று குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது.

சார் ஐஸை வாங்கிக்கொண்டார். சோடாவைப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டார். எல்லா ஆட்டத்துக்கும் அப்படித்தான். பரமகுரு வருவதற்கு முன்பிருந்தே, யார் ஐஸ் வாங்கப் போனாலும் கொம்பையா ஒரு சோடா அனுப்புவான். சார் அதை யாருக்காவது கொடுத்துவிடுவார். சாருக்குச் சர்க்கரை வியாதி போல என்று நாங்களாக ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

சார் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. முதல் ஆறு மாதம் பரமகுரு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் பாடம்.

"எதுக்கு சார் இப்படி?"

"உன் கைக்கு அவசரம் ஜாஸ்தி."

ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. யாரோ நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

"நீவி விட்டா சுளுக்கு எடுத்துரும் சார்," என்றான் பரமகுரு.

"அதுவே வீங்கிப்போய் தொடாதன்னு சொல்லுது. நீ நீவப்போறியா?"

சார் ஐஸைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் வைத்தார். பிறகு பட்டையாகக் கட்டுப் போட்டார். தன்னுடைய ஸ்டூலை எடுத்து அந்தக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு, அன்று முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு நாள் மட்டை பட்டு ஒருத்தனுடைய முன்பல் வேரோடு போய்விட்டது. பரமகுரு மண்ணில் தேடி எடுத்துச் சட்டையில் துடைக்கப் போனான்.

"துடைக்காதல! வேர்ப்பக்கம் தொடாத. பாலுக்கு ஓடு."

பரமகுரு டீக்கடைக்கு ஓடினான். "அவசரமா ஒரு டம்ளர் பால். காய்ச்சக் கூடாது," என்றான். கடைக்காரர் நிதானமாக, "சீனி எவ்வளவு போட?" என்று கேட்டாராம். பல் பச்சைப் பாலில் கிடந்தபடியே பல் டாக்டரிடம் போய், அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அந்த ஆட்டக்காரன் இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் டீக்கடைக்குப் போய்ச் சிரித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

இரண்டாம் வருஷம் பரமகுரு மறுபடியும் கேட்டான்.

"சார், தூக்காம இருந்திருந்தா கொம்பையா நடந்திருப்பானா?"

"படு," என்றார் சார்.

மரத்தடி மண்ணில் மல்லாந்து படுத்தான். சார் தலைமாட்டில் மண்டியிட்டார். முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"காலு கட்டைவிரலை ஆட்டு."

ஆட்டினான்.

"ரெண்டும் ஆடுதா?"

"ஆடுது சார்."

"அன்னிக்கு அவன்கிட்ட இதை யாராவது கேட்டோமா?"

"இல்ல சார்."

"கேட்டிருந்தா இன்னிக்கு உனக்குப் பதில் தெரிஞ்சிருக்கும்."

பரமகுரு எழுந்திருக்கப் பார்த்தான். சார் விடவில்லை. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் நடுங்கியதாகப் பரமகுரு பிற்பாடு என்னிடம் சொன்னான். வயசு ஆகிறது, அதனால்தான் என்று நினைத்தானாம்.

மூன்றாம் வருஷம் தை மாதம், பெண்கள் இறுதி ஆட்டம். செண்பகவல்லி என்று ஒரு பெண், இடது ஓரத்தில் ஆடுவாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் அப்பா கருத்தப்பாண்டி, தீப்பெட்டி ஆபீஸில் பரமகுருவோடு வேலை பார்க்கிறவர். மகள் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்.

பந்துக்குப் பாய்ந்த இரண்டு பேர் மோதினார்கள். செண்பகவல்லி தூக்கியெறியப்பட்டுத் தலைகுப்புற விழுந்து, புரண்டு மல்லாந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தூக்குங்க! தூக்குங்க!" என்று மைதானம் கத்தியது. நான் கத்தவில்லை. போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டேன்.

பரமகுரு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தான். மண்டியிட்டான். முழங்கைகளை ஊன்றினான். விழுந்தவள் எப்படிக் கிடந்தாளோ அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டான்.

"தாயி, தலையை ஆட்டாத. வாயால மட்டும் சொல்லு. எங்க வலிக்கு?"

"கழுத்துண்ணே."

"மூச்சு நல்லா வருதா?"

"வருது."

"காலு கட்டைவிரலை ஆட்டு."

சார் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுடைய ஷூ முனைகளில் கையை வைத்தார்.

"ஆடுது," என்றார். "ரெண்டும் ஆடுது பரமு."

கருத்தப்பாண்டி வேலியைத் தாண்டி ஓடிவந்தார்.

"என் பிள்ளையத் தூக்கு பரமு! வெயில்ல கெடக்கா!"

"தூக்க மாட்டேண்ணே."

"உன் பிள்ளையா இருந்தா இப்படிப் பாத்துக்கிட்டு இருப்பியா?"

"என் பிள்ளையா இருந்தாலும் தூக்க மாட்டேன். நீங்க சூரியனை மறைச்சு நில்லுங்க. மூஞ்சியில வெயில் அடிக்கு."

கருத்தப்பாண்டி அழுதுகொண்டே மகளுக்கு நிழலாக நின்றார். கொஞ்ச நேரத்தில் டோர்னமென்ட் பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து நாலு பேர் பந்தலாகப் பிடித்தார்கள். வேறு சிலர் முகத்தில் அடிக்கச் சோடா வாங்க முன்வாசலுக்கு ஓடினார்கள். கொம்பையா நாற்காலியை வாசலுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"சோடா கிடையாது," என்றான்.

"பின்னால அடுக்கி வச்சிருக்கியே?"

"கிடையாதுன்னா கிடையாது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு கட்டெறும்பு பரமகுருவின் மணிக்கட்டில் ஏறிக் கடித்தது. பிறகு இன்னொன்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, கை அசையவில்லை. அவளிடம் என்னவெல்லாமோ பேசிக்கொண்டே இருந்தான். எந்த ஹாஸ்டல், சாப்பாடு எப்படி, யார் கூட்டாளி என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நடுவில், அன்றைய அம்பயர் பொறுமை இழந்தார். நீளமாக ஒரு விசில் அடித்தார்.

"ஓரமாத் தூக்கிப் படுக்க வைங்கப்பா. ஆட்டத்தை முடிக்கணும்ல."

தங்கப்பழம் சார் எழுந்தார். அம்பயருக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"விசிலைக் குடுங்க."

"சார், நான் என்ன..."

"குடுங்க."

வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். மைதானம் வாயை மூடிக்கொண்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்துக்குப் பட்டை போட்டு, எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் அவளைப் பலகைக்கு மாற்றினார்கள். கடைசியாகத்தான் பரமகுரு கையை எடுத்தான். மடக்கின விரல்கள் நிமிரவில்லை.

ஆட்டம் அன்று முடியவில்லை. கூட்டம் கலைந்தது. வெயில் தாழும் நேரத்தில் கருத்தப்பாண்டி போன் பண்ணினார்.

"கழுத்துல ஒரு எலும்பு விரிசல் விட்டிருக்காம். அசைச்சிருந்தா விபரீதமாப் போயிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. மூணு மாசம் பட்டை போட்டிருக்கணுமாம். நடப்பாளாம் பரமு. நடப்பாளாம்."

பரமகுரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். சார் அவன் அழுது முடிக்கிறவரைக்கும் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர்கள் பேசியதைப் பரமகுரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சார், இப்பவாவது சொல்லுங்க. கொம்பையா நடந்திருப்பானா?"

சார் சட்டைப்பையிலிருந்து அந்த விசிலை எடுத்தார்.

"அன்னிக்கு உங்களைத் தூக்கச் சொன்னது யாரு?"

"எல்லாரும் கத்தினாங்க சார்."

"கூட்டம் எப்பவும் கத்தும். அதுக்கா ஓடினீங்க?"

பரமகுரு யோசித்தான்.

"விசில் கேட்டுச்சு."

"யாரு அடிச்சா?"

பரமகுரு அவரையே பார்த்தான்.

"நான்தான் அம்பயர்," என்றார் சார். "மழை வருதேன்னு அடிச்சேன். முதல் விசிலுக்கு நீங்க தயங்கினீங்க. ரெண்டாவது அடிச்சேன். அப்பத்தான் நாலு பேரும் குனிஞ்சீங்க."

வேப்பிலைச் சருகு ஒன்று பெட்டி மேல் விழுந்தது. சார் அதை எடுத்துக் கீழே போட்டார்.

"அவன் நடந்திருப்பானான்னு நீ மூணு தடவை கேட்டுட்ட. பதினோரு வருஷமா நான் தினமும் கேக்கேன். எனக்குத் தெரியல பரமு."

"அப்ப என்னை முதல் நாளே அவன் கடைக்கு ஐஸ் வாங்க அனுப்புனது?"

"பாடம்னு நெனச்சியா?"

"ஆமா சார்."

"எனக்குப் போகத் தைரியம் இல்லல."

பரமகுரு எழுந்து நின்றான். பிறகு தெர்மோகோல் பெட்டியைக் கவிழ்த்து உருகிய தண்ணீரைக் கொட்டினான். தன் மணிக்கட்டைக் காட்டினான். எறும்பு கடித்த இடம் புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"இதுக்கு ஐஸ் வைக்கணும் சார்."

"வைக்கணும்."

"பெட்டியில இல்ல."

"போய் வாங்கிக்கோ."

"இந்தக் கையால பெட்டியத் தூக்க முடியல. ஒரு பக்கம் நீங்க பிடிங்க."

காலிப் பெட்டிதான். ஒரு விரலால் தூக்கலாம். சார் அவனைப் பார்த்தார். குனிந்து ஒரு பக்கம் பிடித்தார்.

நான் அப்போது கொம்பையா கடையில் நின்று கலர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலிப் பெட்டியைக் கல்யாணச் சீர் மாதிரி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. பாதி வழியில் சார் நின்றுவிட்டார். பரமகுரு இழுக்கவில்லை. அவனும் பக்கத்திலேயே நின்றான். சார் தானாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் நடந்தான்.

"வாங்க சார்," என்றான் கொம்பையா.

சார் விசிலை அந்தத் தாழ்வான மேஜைமேல் வைத்தார். வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டது.

"கொம்பையா, அன்னிக்கு நான் அடிச்ச விசில்..."

"தெரியும் சார். விழுந்து கெடந்தேன். காது கேட்டுச்சுல்ல."

என் கையில் இருந்த பாட்டிலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு விசில்," என்றான் கொம்பையா. "எனக்குக் கோவம் இருந்துச்சு சார். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் இருந்துச்சு. பெறகு நீங்க அந்தப் பெட்டியோட மரத்தடியில உக்காந்தீங்க. நான் இங்கேயிருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறந்தான் சோடா அனுப்ப ஆரம்பிச்சேன்."

சார் தலை குனிந்து நின்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கொம்பையா துண்டால் மேஜையைத் துடைத்தான். விசில் கிடந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தான்.

"என்ன வேணும் சார்?" என்று கேட்டான்.

"ஒரு பன்னீர் சோடா," என்றார் சார். "இங்கேயே நின்னு குடிக்கேன்."